குரல்நாண் செயலிழந்தபின் குரலை மீட்கும் அறுவை சிகிச்சை: நோயாளியும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை

தைராய்டு, இதயம், நுரையீரல், உணவுக்குழாய் ஆகியவற்றில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, கழுத்தில் பட்ட காயத்தாலோ, சில வேளைகளில் காரணம் ஏதும் புலப்படாமலோ ஒரு பக்கக் குரல்நாண் அசைவற்றுப் போய்க் குரல் வெறும் காற்றாகிவிட்ட ஒருவர், அதைச் சரிசெய்துகொள்ள எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது. நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் வட்டாரத்தில் இப்படிக் குரல் இழந்தவர்களுள் பலர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து உயிர் பிழைத்ததே பெரிது என்று எண்ணிக் குரலைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதே இல்லை. மஞ்சள் மண்டியில் மூட்டைக் கணக்குச் சொல்பவருக்கும், விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலுக்கு மேலாகப் பேச வேண்டியவருக்கும், வகுப்பறையில் பாடம் நடத்துபவருக்கும் குரல் என்பது பிழைப்பு. அதை மீட்கும் சிகிச்சை இருக்கிறது என்பதும், அது உரிய காலத்தில் செய்யப்பட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

என்ன நடந்திருக்கிறது

நாதஸ்வரக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் பெயர் பெற்ற ஊரில் சீவாளியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சீவாளியின் இரண்டு இதழ்களும் நெருங்கி நின்று அதிர்ந்தால்தான் நாதம் பிறக்கும். ஓர் இதழ் விலகிவிட்டால் ஊதும் காற்றெல்லாம் வீணாகும். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் அவ்வாறே நடுக்கோட்டில் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன. அவற்றை அசைக்கும் நரம்பு மார்புவரை இறங்கி மீண்டும் கழுத்துக்கு ஏறி வருவதால் அதற்கு மீள் குரல்வளை நரம்பு என்று பெயர். இடப்பக்க நரம்பு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி வரும் அளவுக்கு நீளமானது. இடது குரல்நாண் கூடுதலாகப் பாதிக்கப்படுவதற்கு இந்த நீண்ட பயணமே முக்கியக் காரணம்.

இந்த அத்தியாயத்தில் வரும் அறுவை சிகிச்சைகளில் எதுவும் செயலிழந்த குரல்நாணைப் பழையபடி அசையவைப்பதில்லை. அசையாத நாணை நடுக்கோட்டுக்கு நகர்த்தி நிறுத்துவதும், நலமாக உள்ள மறுபக்க நாண் வந்து தொடுவதற்கு வழிசெய்வதுமே அவற்றின் வேலை. இதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் பின்னர் ஏமாற்றம் அடைவதில்லை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

குரல் தெளிவாகவே இருந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சீறல் ஒலியும் திணறலும் வந்தால் இரண்டு குரல்நாண்களும் செயலிழந்து நடுவில் ஒட்டி நிற்கக்கூடும். இது மூச்சுப்பாதை அடைபடும் அவசர நிலை என்பதால் 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே சொல்லப்படும் குரல் அறுவை எதுவும் இந்நிலைக்கு உரியதன்று. குரல்நாணை நடுக்கோட்டுக்குத் தள்ளினால் இருக்கும் கொஞ்ச வழியும் அடைபட்டுவிடும்.

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவது, உணவுக்குப் பின் ஈரமான கரகரப்போடு குரல் ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவது ஆகியவை உணவும் நீரும் நுரையீரலுக்குள் இறங்குவதைக் காட்டும் அடையாளங்கள். குரல்நாண்களுக்கு இடையிலான இடைவெளியை மூடும் சிகிச்சையைச் சிலருக்கு முன்கூட்டியே செய்வதற்குக் குரலைவிட இந்தப் புரையேற்றமே காரணமாகிறது.

*குறிப்பு:* மருத்துவரைப் பார்க்கும்வரை தண்ணீர், ரசம், மோர், நீராகாரம் போன்ற நீர்த்த பொருள்களைச் சிறு சிறு மிடறாக, நேராக அமர்ந்து, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்க வேண்டும். செயலிழந்த பக்கம் எது என்று தெரிந்திருந்தால் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி விழுங்குவது பலருக்கு உதவும். கெட்டியான கம்பங்கூழும் குழைந்த கஞ்சியும் தண்ணீரைவிடப் பாதுகாப்பாக இறங்கும். ராகிக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கும் பழக்கத்தை மட்டும் இந்தக் காலத்தில் விட்டுவிட வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

1. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும், கழுத்திலோ மார்பிலோ அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பனங்கற்கண்டும் மிளகும் சுக்கும் தொண்டைக் கரகரப்பை ஆற்றுமே தவிர நரம்பின் செயலிழப்பை மாற்றமாட்டா. அவற்றை நம்பி மாதங்களைக் கழிப்பதுதான் இவ்வட்டாரத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு.

2. மூக்கின் வழியாக மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திக் குரல்நாண்களைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். மரத்துப்போகும் மருந்து தெளித்தபின் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் காணொளிப் பதிவைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியிலோ பென் டிரைவிலோ வைத்திருந்தால், அடுத்து பார்க்கும் மருத்துவர் மாற்றத்தை ஒப்பிட முடியும்.

3. அறுவை சிகிச்சை போன்ற வெளிப்படையான காரணம் இல்லாதபோது, மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து மார்புவரை, அதாவது அந்த நரம்பு செல்லும் பாதை முழுவதற்கும், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். நுரையீரல், உணவுக்குழாய், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோயும், காசநோயில் வீங்கிய நெறிக்கட்டிகளும், ஈரிதழ் வால்வு சுருங்கியதால் பெருத்துப்போன இதயத்தின் இடது மேலறையும்கூட அந்த நரம்பை அழுத்தக்கூடும். கழுத்தை மட்டும் ஸ்கேன் எடுத்து நிறுத்திவிடுவது ஆபத்தான குறை.

4. முன்பு நடந்த அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுக்க வேண்டும். நரம்பு வெட்டுப்பட்டதா, அப்படியே இருந்ததா என்று அதில் எழுதியிருந்தால், காத்திருக்கும் காலத்தை முடிவுசெய்ய அது பெரிதும் உதவும்.

கழுத்துக் காயத்தால் குரல் மாறுவதற்குத் தமிழர் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12ஆம் நாள் கழுத்தில் குண்டடிபட்டபின் அவர் பேச்சு பழைய தெளிவை இழந்தது. ஆயினும் மாறிய அந்தக் குரலிலேயே அவர் தொடர்ந்து திரையில் பேசினார். குரல்நாணை நகர்த்தி அமைக்கும் இன்றைய அறுவை முறை அப்போது உலகில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

மருத்துவமனையைத் தேடும்போது இராசிபுரம் அரசு மருத்துவமனையில் முதல் பரிசோதனையைத் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்வது இவ்வூராருக்கு எளிய வழி. குரல் அறுவை என்பது காது மூக்கு தொண்டை மருத்துவத்துக்குள் அடங்கிய ஒரு தனிப் பிரிவு. ஆகவே அங்குள்ள மருத்துவரிடம், இந்த அறுவை இங்கேயே செய்யப்படுகிறதா, சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்பப்பட வேண்டுமா என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அறுவைக்கு மட்டுமா, உள்ளே பொருத்தும் பொருளுக்கும் சேர்த்தா அனுமதி கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே அம்மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

காத்திருப்பதா, செய்துகொள்வதா

இந்தச் சிகிச்சையில் மிகுதியான தவறுகள் காலத்தைக் கணிப்பதில்தான் நேர்கின்றன. வெட்டுப்படாமல் நசுங்கியோ இழுபட்டோ போன நரம்பு ஏறத்தாழ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரும். எனவே தானாகக் குணமாகக்கூடியவர்களுள் பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றம் தெரிந்துவிடும். இந்தக் காலத்துக்குள் நிரந்தர அறுவையைச் செய்துகொண்டால், பின்னர் நாண் தானாக அசையத் தொடங்கும்போது நாணை நகர்த்துவதற்காக உள்ளே வைத்த சிலிகான் கட்டையே தடையாகக்கூடும். நரம்பு முற்றிலும் வெட்டுப்பட்டது உறுதியானவர்களும், புற்றுநோய் நரம்பைப் பற்றியிருப்பவர்களும் இந்தக் காலக்கெடுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பது என்றால் குரலின்றிக் கிடப்பது என்று பொருளில்லை; பலர் அவ்வாறே தவறாகப் புரிந்துகொண்டு ஓராண்டைத் துன்பத்தில் கழிக்கிறார்கள். சில மாதங்களில் கரைந்துபோகும் பொருளை ஊசி மூலம் நாணில் செலுத்தி, நரம்பு குணமாகும்வரை குரலையும் விழுங்குதலையும் தாங்கிப்பிடிக்கலாம். அதை முதல் சில வாரங்களிலேயே செய்துகொள்வது நல்லது என்பதே இன்று குரல் மருத்துவர்கள் பலரின் கருத்து. நரம்பு பின்னர் குணமானால் செலுத்திய பொருள் கரைந்துபோய்விடும் என்பதால் இழப்பு ஏதும் இல்லை.

காத்திருக்கும் காலத்தில் வீட்டிலேயே குரலை அளந்து குறித்துவர வேண்டும்:

1. நேராக அமர்ந்து, மூச்சை நிறைய இழுத்து, இயல்பான குரலில் "ஆ" என்று முடிந்தவரை நீட்டி ஒலிக்க வேண்டும்.
2. கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் கொண்டு நொடிகளை அளந்து, மூன்று முறை செய்து, அவற்றுள் நீண்டதைத் தேதியுடன் எழுத வேண்டும்.
3. அதே நாளில் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுவதைப் பதிவுசெய்து, எத்தனை இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

நலமான பெரியவர்களால் பொதுவாக 15 நொடிகளுக்கு மேல் நீட்ட முடியும்; 10 நொடிகளுக்குக் கீழே நின்றால் காற்று கசிகிறது என்று கொள்ளலாம். மாதம் ஒருமுறை இப்படிக் குறித்த ஒரே ஒரு தாள், மருத்துவரிடம் அரை மணி நேரம் வாயால் விளக்குவதைவிடப் பயன்படும்.

*கவனிக்க:* குரல் வரவில்லை என்பதற்காகக் கிசுகிசுத்துப் பேசுவதும், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதும் தீங்கானவை. நலமான நாண் எல்லைமீறி உழைத்து இறுகிவிட்டால் அறுவைக்குப் பின்னும் அந்த இறுக்கம் நீடிக்கும். பேச்சுப் பயிற்சியாளரிடம் அறுவைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது இதனால்தான்.

சிகிச்சை வகைகள்

*ஊசி மூலம் நாணைப் பருமனாக்குதல்.* செயலிழந்த நாணுக்குள் ஒரு பொருளைச் செலுத்தி அதை நடுக்கோட்டை நோக்கி உப்பச்செய்யும் முறை இது. 1911இல் ஜெர்மனியின் ப்ரூனிங்ஸ் பாரஃபின் மெழுகை இவ்வாறு செலுத்தினார். பிற்காலத்தில் பரவிய டெஃப்லான் பசை உள்ளே கட்டியாக இறுகிக் குரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. இன்று ஜெலட்டின் சில வாரங்களும், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் இரண்டு மூன்று மாதங்களும், ஹையலுரானிக் அமிலம் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களும், கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் ஓராண்டு அளவும் நிற்கும். வயிற்றிலிருந்து எடுக்கும் சொந்தக் கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதால் முதலில் வேண்டுமென்றே கூடுதலாகச் செலுத்துவார்கள். ஆகவே சில வாரங்களுக்குக் குரல் அடைத்தாற்போலக் கரகரவென்று இருப்பது எதிர்பார்க்கப்பட்டதே. எந்தப் பொருள் செலுத்தப்படுகிறது, எத்தனை மாதம் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளையும் நோயாளி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

*தைரோபிளாஸ்டி.* நிரந்தரத் தீர்வாக மிகுதியாகச் செய்யப்படும் அறுவை இதுவே. ஜப்பானின் நொபுஹிகோ இஷ்ஷிகி 1974இல் வகுத்து வெளியிட்ட இம்முறையில், கழுத்தின் முன்புறம் கைக்குத் தட்டுப்படும் தைராய்டு குருத்தெலும்பில், குரல்நாண் இருக்கும் மட்டத்தில் சிறு சன்னல் ஒன்று வெட்டப்படும். அதன் வழியாகச் சிலிகான் கட்டையோ கோர்-டெக்ஸ் நாடாவோ உள்ளே வைக்கப்பட்டு, நாண் பக்கவாட்டிலிருந்து நடுவை நோக்கித் தள்ளப்படும். நாணுக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை என்பதும், தேவைப்பட்டால் வைத்ததை எடுத்து மாற்றலாம் என்பதும் இதன் சிறப்பு.

*பின்பக்க இடைவெளியை மூடும் கூடுதல் அறுவை.* இரண்டு நாண்களும் வெவ்வேறு உயரத்தில் நின்றாலோ, பின்பக்கம் அகன்ற இடைவெளி இருந்தாலோ, கட்டை மட்டும் போதாது. நாணின் பின்முனையைத் தாங்கும் சிறு குருத்தெலும்பைத் தையலால் இழுத்துத் திருப்பும் அறுவையும் சேர்த்துச் செய்யப்படும்.

*நரம்பு இணைப்பு.* கழுத்துத் தசைக்குச் செல்லும் வேறொரு நரம்பை மீள் குரல்வளை நரம்புடன் இணைக்கும் இந்த அறுவை, அசைவைத் தராவிட்டாலும் நாணின் தசை மெலியாமல் காக்கும். பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும் என்பதால் இளைஞர்களுக்கும் குழந்தைகளுக்குமே மிகவும் பொருந்தும்.

தைரோபிளாஸ்டி: மேசையில் நோயாளியின் பங்கு

மற்றப் பெரும்பாலான அறுவைகளில் மயங்கிக் கிடப்பதே நோயாளியின் வேலை. தைரோபிளாஸ்டியிலோ அவர் விழித்திருந்து பேச வேண்டும். கழுத்தில் மரத்துப்போகும் ஊசியும் பதற்றம் தணிய இலேசான மருந்தும் மட்டுமே தரப்படும். மூக்கின் வழியாக உள்நோக்குக் கருவி உள்ளே இருக்க, மருத்துவர் கட்டையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவார், "ஈ" என்று ஒலிக்கச் சொல்வார், திரையைப் பார்ப்பார், மீண்டும் நகர்த்துவார். கசிந்துகொண்டிருந்த குரல் ஒரு கணத்தில் திரண்டு முழுமையாக ஒலிப்பதை அறையில் உள்ளவர்களோடு நோயாளியும் கேட்பார். அந்த நேரத்தில் அவர் தரும் ஒலியின் தெளிவைப் பொறுத்தே கட்டையின் இறுதி அளவு முடிவாகிறது. ஆகவே வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வது பயனுள்ளது.

1. தோள்களுக்குக் கீழே தலையணை வைத்து, கழுத்து பின்னோக்கி நீளும்படி மல்லாந்து படுத்து, அரை மணி நேரம் அசையாமல் இருந்து பழக வேண்டும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
2. படுத்த நிலையிலேயே இயல்பான சுருதியில் "ஈ" என்று ஐந்து நொடி ஒலிப்பதையும், ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதையும் பழக வேண்டும்.
3. இருமலோ எச்சில் விழுங்கும் தேவையோ வந்தால் எந்தக் கையை எப்படி அசைப்பது என்று மருத்துவருடன் முன்பே பேசி வைக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி இருமுவது கத்தி வேலை நடக்கும் இடத்தில் ஆபத்து.
4. குரல் போவதற்கு முந்தைய பதிவொன்றை, வீட்டுத் திருமண வீடியோவோ வாட்ஸ்அப் குரல்செய்தியோ எதுவாயினும், மருத்துவரிடம் கேட்கக் கொடுக்க வேண்டும். நோயாளியின் இயல்பான சுருதி எது என்பது அதிலிருந்துதான் தெரியும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தாமாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றைப் பல வாரங்களுக்கு முன்பே விட்டிருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள்கள்

குரல்வளைக்குள் வீக்கமோ இரத்தக் கட்டோ ஏற்பட்டால் மூச்சுப்பாதை குறுகும் என்பதால், அறுவைக்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரம்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் காலம். "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லி அன்றே வீடு திரும்ப வற்புறுத்தக் கூடாது. உடன் இருப்பவர் பார்க்க வேண்டியவை மூன்று: கழுத்து விரைவாக வீங்குகிறதா, மூச்சை இழுக்கும்போது ஒலி வருகிறதா, படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறாரா. இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் செவிலியரை உடனே அழைக்க வேண்டும்.

வீடு திரும்பியபின்

மேசையில் கேட்ட நல்ல குரல் மறுநாளே கம்மிப்போவது பலரை அச்சுறுத்துகிறது. அது வீக்கத்தால் வரும் தற்காலிக மாற்றம். நான்கு முதல் ஆறு வாரங்களில் குரல் படிப்படியாகத் தெளியும், இறுதி நிலையை அறிய மூன்று மாதங்கள்வரை ஆகலாம். மருத்துவர் சொன்ன நாள்கள்வரை பேசாதிருந்து, தாளில் எழுதிக் காட்ட வேண்டும். கிசுகிசுப்பு பேசாமை ஆகாது. தையல் பிரிக்கும்வரை காயம் நனையக் கூடாது. சில வாரங்களுக்கு மூட்டை தூக்குவதும், மூச்சை அடக்கி முக்கிச் செய்யும் எந்த வேலையும் கூடாது.

மஞ்சள் வேகவைக்கும் புகையும், டிரம்மில் போட்டு மெருகேற்றும்போது எழும் தூளும் ஆறிவரும் குரல்வளையைக் கடுமையாக உறுத்தும். அறுவடைப் பருவத்தில் அறுவை செய்துகொண்டவர் ஒரு மாதமேனும் களத்துக்கும் மண்டிக்கும் போகாமலிருக்க வேண்டும். வேலையை விட முடியாதவர்கள் அறுவையையே பருவம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுமாறு மருத்துவரிடம் கேட்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட வேண்டும்.

குரல் திரும்பியதும் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுவது அடிக்கடி நேரும் தவறு. காற்றை வீணாக்கி, தொண்டையை இறுக்கிப் பேசிய பழக்கம் அறுவையால் போய்விடுவதில்லை. அதை மாற்றுவது பயிற்சிதான், அதற்குச் சில வாரங்களேனும் தொடர்ந்து போக வேண்டும்.

குரல் மீண்டும் குறைந்தால்

மாதங்கள் சென்றபின் காற்றுக் கசிவு திரும்பினால், நாணின் தசை மெலிந்திருக்கலாம், கட்டை சற்று இடம் மாறியிருக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே அளவு போதாமல் இருந்திருக்கலாம். உள்நோக்குப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். ஊசி மூலம் சிறிது நிரப்புவதோ, கட்டையை மாற்றி வைப்பதோ செய்யலாம். கழுத்தில் வலியும் சிவப்பும், எச்சிலில் இரத்தமும், திடீர்க் கரகரப்பும் சேர்ந்து வந்தால் பொருத்திய பொருள் வெளித்தள்ளப்படுகிறது என்ற ஐயத்தோடு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பொருத்தப்பட்ட பொருளின் பெயர், எந்தப் பக்கம், அறுவை நடந்த நாள், மருத்துவமனை ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி ஆதார் அட்டையுடன் வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு எந்த அறுவைக்காகவேனும் மயக்க மருந்து தரப்பட நேர்ந்தால், மயக்க மருத்துவரிடம் அதை முதலில் காட்ட வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாயின் அளவைக் குறைத்துத் தேர்வதற்கும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நிலையில் பொருத்திய பொருள் உலோகமா அல்லவா என்று அறிவதற்கும் அந்த அட்டையே உதவும்.